வழி கேட்கும் சத்தம்

சென்ற ஆடி மாதம், மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளை. எட்டாம் வகுப்பில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் உயர்நிலைப் பள்ளி கடைவீதியிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடைவீதிப் பக்கமிருந்து தீயணைப்பு வண்டியின் சைரன் கேட்டது. பிள்ளைகள் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். "சரி, இங்க கவனிங்க" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினேன்.

ஆனால் அந்தச் சத்தம் நெருங்கவில்லை, விலகவும் இல்லை. ஒரே இடத்தில் நின்றபடி ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நடுநடுவே "பாம்... பாம்..." என்று ஏர் ஹாரன். மூன்றாவது பெஞ்சில் இருந்த மாணவி மெல்லச் சொன்னாள்: "டீச்சர், வண்டி மாட்டிக்கிச்சு."

அவள் சொன்னது சரிதான். பள்ளிக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் ஒரு கீற்றுக் கூரையில் தீப்பிடித்திருந்தது. ஆடிக் காற்றில் அது அடுத்தடுத்த கூரைகளுக்குத் தாவியது. வண்டி நாற்சந்தியைக் கடந்து வருவதற்குள் மூன்று வீடுகள் போய்விட்டன. உயிர்ச் சேதம் இல்லை. அவற்றில் ஒன்று எங்கள் ஆறாம் வகுப்பு மாணவியின் வீடு. அவளுக்குப் பாடப்புத்தகங்களையும் சீருடையையும் மறுநாளே கொடுத்துவிட்டோம். அவள் வளர்த்த இரண்டு ஆட்டுக்குட்டிகளை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பிறகு விசாரித்தபோது, நாற்சந்தியில் வண்டி நின்றது ஏழெட்டு நிமிடம் என்றார்கள். ஒரு பக்கம் பேருந்து, மறுபக்கம் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த மினி லாரி, நடுவில் இரு சக்கர வாகனங்கள். யாரும் வேண்டுமென்று மறிக்கவில்லை. சிலர் வேகமாகப் போய்விடலாம் என்று முன்னால் நகர்ந்தார்கள். சிலர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சிலர் வலப்பக்கம் ஒதுங்கினார்கள். சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அது என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான் பலருக்குப் புரியவில்லை.

நான் தவறாக நடத்திய பாடம்

செப்டம்பரில் பத்தாம் வகுப்புக்கு ஒலியியல் பாடம் வந்தது. டாப்ளர் விளைவு. பல ஆண்டுகளாக நான் அதை இப்படித்தான் தொடங்குவேன்: "தீயணைப்பு வண்டி போகும்போது ஊ...ய்ங், ஊ...ய்ங் என்று சத்தம் ஏறி இறங்குதே, அதுதான் டாப்ளர் விளைவு."

இந்த முறை ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், அன்னைக்கு வண்டி கடைவீதியில நின்னுக்கிட்டுத்தானே இருந்துச்சு? நாமளும் இங்கதான் உட்கார்ந்திருந்தோம். அப்பவும் சத்தம் ஏறி ஏறி இறங்குச்சே?"

என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. ஒலிமூலமும் நகரவில்லை, கேட்குநரும் நகரவில்லை. அப்படியென்றால் டாப்ளர் விளைவுக்கு அங்கே இடமே இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று உட்கார வைத்தேன். அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 16.7 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி நம்மை நோக்கி வரும்போது ஏறத்தாழ 1,052 ஹெர்ட்ஸாகவும், நம்மைக் கடந்து விலகும்போது 953 ஹெர்ட்ஸாகவும் கேட்கும். மாற்றம் பக்கத்துக்கு 5 விழுக்காடு அளவுதான். அதுவும் வண்டி நம்மைக் கடக்கும் அந்த ஒரு தருணத்தில் மட்டுமே சுருதி சட்டென்று இறங்குவதை உணர்கிறோம். ஆனால் சைரனின் ஏற்ற இறக்கமோ ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸிலிருந்து 1,500 ஹெர்ட்ஸ் வரை, அதாவது மூன்று மடங்கு. அது வண்டியின் வேகத்தால் வருவதில்லை. சைரனே அப்படி ஒலிக்குமாறு செய்யப்பட்டிருக்கிறது.

மறுநாள் வகுப்பில், "இத்தனை நாள் நான் சொன்ன உதாரணம் தப்பு. கண்டுபிடிச்சது இவன்" என்று சொல்லி அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். அடுத்த கேள்வி தானாக வந்தது. "அப்படீன்னா டீச்சர், எதுக்கு ஏத்தி இறக்கி ஊதுறாங்க?"

சங்கிலிருந்து சைரனுக்கு

சைரனை நம் ஊர்களில் இன்றும் சங்கு என்கிறோம். மில் சங்கு, நகராட்சிச் சங்கு என்று நம் பெற்றோர் காலத்தில் பலருக்கும் அதுவே கடிகாரம். அந்தச் சங்கு இயங்கும் விதத்தை வகுப்பறையிலேயே காட்டலாம்.

1819-இல் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சார்லஸ் காக்னியார் டி லா டூர் ஒரு கருவியைச் செய்தார். துளைகள் இட்ட வட்டத் தட்டு ஒன்று சுழலும். காற்று அதன் துளைகள் வழியே விட்டுவிட்டு வெளியேறும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு காற்றுத் துடிப்பு. தண்ணீருக்குள்ளும் அது ஒலித்ததால், கிரேக்கக் கதைகளில் கடலில் பாடி மாலுமிகளை மயக்கும் சைரன்களின் பெயரை அதற்கு வைத்தார். பின்னாளில் வந்த மோட்டார் சைரனும் இதே தத்துவம்தான். மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்கச் சுருதி ஏறும். மின்சாரத்தை நிறுத்தினால் மெல்ல இறங்கும்.

நாங்கள் செய்தது இது. கெட்டியான அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, விளிம்பை ஒட்டிச் சம இடைவெளியில் 40 துளைகளும், உள்வட்டத்தில் 20 துளைகளும் இட்டோம். பழைய பொம்மை மோட்டாரில் அதை இறுக்கமாகப் பொருத்திச் சுழலவிட்டு, ஓர் உறிஞ்சுகுழலால் துளைகளுக்கு நேரே ஊதினோம். துளைகளின் எண்ணிக்கையை ஒரு விநாடியில் சுற்றும் சுற்றுகளால் பெருக்கினால் அதிர்வெண். 20 துளைகள், விநாடிக்கு 25 சுற்று என்றால் 500 ஹெர்ட்ஸ். வெளிவட்டத்துக்குக் குழலை நகர்த்தினால் 1,000 ஹெர்ட்ஸ். பாட்டுக் கற்கும் மாணவி ஒருத்தி உடனே, "கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம் டீச்சர்" என்றாள். அதிர்வெண் இருமடங்கானால் அடுத்த ஸ்தாயி என்பதை நான் விளக்கவே தேவைப்படவில்லை. தட்டு கழன்று தெறிக்காதபடி பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நிற்க வையுங்கள்.

இன்றைய வண்டிகளில் சுழலும் தட்டுக்குப் பதிலாக மின்னணுச் சுற்றும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. ஆனால் பழைய மோட்டாரின் ஏற்ற இறக்கத்தையே அவை பின்பற்றுகின்றன. சில விநாடிகளுக்கு ஒருமுறை நீளமாக ஏறி இறங்குவது ஒரு வகை. இது திறந்த சாலைக்கு. விநாடிக்கு மூன்று முறைபோல வேகமாகத் துடிப்பது இன்னொரு வகை. இது நெரிசலுக்கும் சந்திப்புகளுக்கும்.

ஏன் ஏற்ற இறக்கம் வேண்டும்? வகுப்பறை மின்விசிறியைக் காட்டினேன். "இது சத்தம் போடுதா?" என்று கேட்டபோது "இல்லை" என்றார்கள். விசிறியை நிறுத்தினேன். அப்போதுதான் அதுவரை ஒரு சத்தம் இருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. மாறாத ஒலியை நம் மூளை சீக்கிரமே ஒதுக்கிவிடுகிறது; மாறும் ஒலியை ஒதுக்க முடிவதில்லை. அதற்காகவே இந்த ஏற்ற இறக்கம்.

ஏர் ஹாரன் எதற்கு?

தீபாவளிக்கு முன், பாதுகாப்பாகப் பட்டாசு வெடிப்பது பற்றிச் செயல்விளக்கம் காட்டத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். பிள்ளைகள் பட்டாசைப் பற்றிக் கேட்டதைவிடச் சைரனைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். "சைரன் இருக்கும்போது ஏர் ஹாரன் எதுக்கு சார்?" என்ற கேள்விக்கு வண்டி ஓட்டுநர் சிரித்தபடி, "சைரன் 'நான் வர்றேன்'னு சொல்லும் தம்பி. ஏர் ஹாரன் 'இதோ உன் பின்னாடியே நிக்கிறேன்'னு சொல்லும்" என்றார்.

இதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. கனரக வண்டிகளில் பிரேக்குக்காக அழுத்தப்பட்ட காற்று எப்போதும் கலனில் இருக்கும். அதில் சிறிதளவு ஒரு மெல்லிய தகட்டை வேகமாக அதிர வைக்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளி செய்யும் வேலை அந்தத் தகட்டுக்கு. அணைசைப் போல விரிந்த குழாய் ஒலியை வெளியே தள்ளுகிறது. சைரனைவிட இதன் ஒலி தாழ்ந்த சுருதி; பல அதிர்வெண்கள் கலந்தது.

தாழ்ந்த சுருதிக்கு அலைநீளம் அதிகம். 250 ஹெர்ட்ஸுக்கு 1.36 மீட்டர், 1,500 ஹெர்ட்ஸுக்கு 23 சென்டிமீட்டர்தான். நீண்ட அலைகள் கட்டட மூலைகளையும் நிற்கும் வண்டிகளையும் எளிதாக வளைந்து கடக்கும். விளிம்பு விளைவு என்று நாம் நடத்துவது இதைத்தான். குறுக்குத் தெருவில் இருப்பவருக்குச் சைரனைவிட ஏர் ஹாரன் உதவுவது இதனால்தான்.

திசை அறிவதிலும் வேறுபாடு உண்டு. ஒலி ஒரு காதை அடைந்து மறு காதை அடைய எடுக்கும் கால வேறுபாட்டையும், இரு காதுகளிலும் விழும் உரப்பின் வேறுபாட்டையும் வைத்து மூளை திசையைக் கணிக்கிறது. அந்தக் கால வேறுபாடு அதிகபட்சம் ஆயிரத்தில் ஒரு விநாடியைவிடக் குறைவு. பல அதிர்வெண்கள் கலந்த ஒலி என்றால் மூளைக்குக் கிடைக்கும் துப்புகள் அதிகம். ஒற்றைச் சுருதியில் துப்பு குறைவு. இருபுறமும் கட்டடங்கள் இருந்தால் எதிரொலியும் சேர்ந்து குழப்பும். இதைச் சோதிக்க, ஒரு மாணவரின் கண்களைக் கட்டி நடுவில் உட்கார வைத்தோம். சுற்றி நின்றவர்களில் ஒருவர் கை தட்டினால் திசையை எளிதாகக் காட்டினார். கைப்பேசியில் ஒரே சுருதியை ஒலிக்க விட்டபோது பலமுறை தவறினார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் இதை விளையாட்டாகச் செய்யலாம்.

கேட்காமல் போவது ஏன்?

"இவ்வளவு சத்தம் போட்டும் கார்க்காரங்களுக்குக் கேட்காதா?" என்று ஒருத்தி கேட்டாள். அதையும் கணக்காகவே போட்டோம். வண்டிக்கு முன்னால் 3 மீட்டரில் சைரன் ஒலி 120 டெசிபல் என்று கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் 6 டெசிபல் குறையும். 6 மீட்டரில் 114, 12 மீட்டரில் 108, 24 மீட்டரில் 102, 48 மீட்டரில் 96. கண்ணாடி ஏற்றிய கார் 30 டெசிபலைத் தடுக்கிறது என்று கொண்டால், 48 மீட்டரில் உள்ளே கேட்பது 66 டெசிபல். உள்ளே ஏசியும் பாட்டும் சேர்ந்து 70 டெசிபல் என்றால், சைரன் பாட்டுக்குள் மூழ்கிவிடும். 12 மீட்டருக்கு நெருங்கினால்தான் 78 டெசிபலாகித் தனியாகக் கேட்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த 12 மீட்டரைக் கடக்க 0.7 விநாடி போதும்.

இந்த விடை வந்ததும் வகுப்பு அமைதியானது. "அப்ப ஃபயர் சர்வீஸ் டிரைவருக்குத்தான் டீச்சர் ஆபத்து" என்றான் ஒருவன். உண்மைதான். சைரன் வழியைக் கேட்கும், வழியை உண்டாக்காது. அதை நம்பி ஓட்டுநர் சந்திப்பில் பாய முடியாது. எங்கள் பள்ளிக்கு வந்த வண்டியின் தொட்டி 4,500 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே நாலரை டன். நினைத்த இடத்தில் அதை நிறுத்த முடியாது. எல்லாரும் நின்றுவிட்டார்களா என்று பார்த்துத்தான் அவர் கடக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. எச்சரிக்கை ஒலியை நாமே மலிவாக்கிவிட்டோம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, பல சுருதிகளில் அடுத்தடுத்து ஒலிக்கும் ஹாரனையும், காதைக் கிழிக்கும், திடுக்கிட வைக்கும் ஹாரனையும் பொதுவாகத் தடை செய்கிறது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல் போன்ற பணி வாகனங்களுக்கே விலக்கு. ஆனால் சாலையில் போகும் எத்தனையோ வண்டிகள் ஏர் ஹாரன் அடிக்கின்றன. "புலி வருது" கதைதான். தினமும் பொய்யாகக் கேட்கும் சத்தத்துக்கு, உண்மையாகவே தேவைப்படும் நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சுண்ணாம்புக் கோட்டில் ஒரு நாற்சந்தி

பாடத்தின் கடைசிப் பகுதியை மைதானத்தில் நடத்தினோம். சுண்ணாம்புப் பொடியால் எங்கள் ஊர் நாற்சந்தியை வரைந்தோம். சிலர் பேருந்து, சிலர் மினி லாரி, சிலர் சைக்கிள், சிலர் பாதசாரிகள். ஒருவன் தீயணைப்பு வண்டி. முதல் முறை, எதுவும் சொல்லாமல் விட்டேன். ஆடி மாதத்தில் நடந்த அதே நெரிசல் அப்படியே உருவானது. பிறகு விதிகளைப் பேசி முடிவு செய்தோம்.

சைரன் கேட்டதும் முதலில் திசையைப் பார்க்க வேண்டும். வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்த வேண்டும். சந்திப்பின் நடுவில் நிற்கக் கூடாது. நுழைந்துவிட்டால் கடந்து போய் ஒதுங்க வேண்டும். நடந்து போகிறவர் சாலையைக் கடக்காமல் நிற்க வேண்டும். சைக்கிளில் போகிறவர் ஓரமாக இறங்கிவிட வேண்டும். வழி கிடைத்தது என்று அதன் பின்னாலேயே விரட்டிக்கொண்டு போகக் கூடாது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு சாலையில் போகவே கூடாது. இரண்டாம் முறை, தீயணைப்பு வண்டியாக ஓடிய பையன் நிற்காமல் நாற்சந்தியைக் கடந்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

வழிவிடாதது குற்றம் என்பதையும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 194-இ பிரிவின்படி, தீயணைப்பு வண்டிக்கோ ஆம்புலன்ஸுக்கோ வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். "எங்கப்பாகிட்ட இதைச் சொல்றேன் டீச்சர், அவர் ஆட்டோ ஓட்டுறாரு" என்றாள் ஒருத்தி. சட்டப் புத்தகத்தைவிட அவள் சொல்வதற்கு வீட்டில் மதிப்பு அதிகம்.

101-ஐ அழைப்பது எப்படி என்றும் நடித்துப் பார்த்தோம். என்ன எரிகிறது, எந்த ஊர், எந்தத் தெரு, அருகில் என்ன அடையாளம் என்று பதறாமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒருவர் தெருமுனைக்குப் போய் நின்று வண்டிக்குக் கை காட்ட வேண்டும். குறுகலான தெருக்களில் இது மிச்சப்படுத்தும் நிமிடங்கள் பெரியவை.

நம் வாசலில்

செயல்விளக்கம் முடிந்து கிளம்பும்போது, நிலைய அலுவலர் எங்கள் வாயிற்கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வண்டியை ஏன் வெளியிலேயே நிறுத்தினோம்னு கேட்கலையே டீச்சர்" என்றார். நானும் அப்போதுதான் பார்த்தேன். வாசலுக்கு உள்ளே இரு பக்கமும் எங்கள் ஆசிரியர்களின் இரு சக்கர வாகனங்கள் வரிசையாக நின்றன. என்னுடையதும் அதில் ஒன்று. "நாங்க எவ்வளவு சைரன் அடிச்சாலும் இந்த வண்டிங்க தானா நகராதே" என்றார்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். ஒவ்வொரு ஜூலையிலும் அதை நினைக்கிறோம். கீற்றுக் கூரைகளை அகற்றினோம், தீயணைப்பான்களை மாட்டினோம். ஆனால் தீயணைப்பு வண்டி உள்ளே வர இடம் இருக்கிறதா என்று எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. நாற்சந்தியில் மறித்தவர்களைப் பற்றி நான் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, என் வண்டியும் ஒரு வழியை மறித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியரிடம் பேசினோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அளவு நாடாவுடன் வாசலின் அகலத்தையும், மேலே உள்ள வளைவின் உயரத்தையும் அளந்து, நிலையத்துக்குப் போய் வண்டியின் அளவுகளோடு ஒப்பிட்டுவிட்டு வந்தார்கள். வண்டி நுழைய இடம் போதும். வாகனங்கள் நிற்காமல் இருந்தால். இப்போது எங்கள் வண்டிகள் மைதானத்தின் மேற்கு ஓரத்தில், வேப்ப மரத்தடியில் நிற்கின்றன. வாசலுக்கு உள்ளே பிள்ளைகள் மஞ்சள் வண்ணத்தில் ஒரு கட்டம் வரைந்து, "தீயணைப்பு வண்டிக்கான வழி" என்று எழுதியிருக்கிறார்கள்.

வீட்டை இழந்த அந்த ஆறாம் வகுப்பு மாணவியும் வண்ணம் தீட்டினாள். கடைசி எழுத்தைத் தீட்டிவிட்டு, "இப்ப வந்தா நேரா உள்ள வந்திரும்ல டீச்சர்?" என்று கேட்டாள். வரும் என்றேன். உங்கள் பள்ளி வாசலையும் நாளைக் காலை ஒருமுறை அளந்து பாருங்கள்.